வறண்ட நிலத்தில் மின்வலை வேலி: மூன்று கோடைகள் செம்மறிகளோடு பயன்படுத்திய பின் ஒரு மதிப்பீடு

முதல் நாள் காலையில் வலையை விரித்து, சூரிய மின்தகட்டோடு வந்த எனர்ஜைசரை (வேலிக்கு மின்துடிப்பு அனுப்பும் கருவி) இணைத்து, மின்னழுத்த மீட்டரை வைத்துப் பார்த்தபோது 6 கிலோவோல்ட் காட்டியது. செம்மறியை நிறுத்த 4 கிலோவோல்ட் இருந்தால் போதும் என்று இத்தொழிலில் உள்ளவர்கள் பொதுவாகச் சொல்வதால், நான் நிம்மதியாக ஆடுகளை உள்ளே விட்டேன். மந்தையிலேயே மூத்த பெட்டை ஆடு ஒன்று நேராக வலையிடம் வந்தது. மூக்கைக் கயிற்றின் மேல் வைத்து முகர்ந்தது, ஒருமுறை தும்மியது, பிறகு கண்ணிக்குள் தலையை நுழைத்து வெளியே நின்ற புல்லைக் கடித்து இழுக்கத் தொடங்கியது. மீட்டர் சொன்னதும் ஆடு செய்ததும் ஒத்துப்போகவில்லை. அதன் காரணத்தைப் புரிந்துகொள்ள எனக்கு ஏறக்குறைய ஒரு கோடை முழுவதும் பிடித்தது. வறண்ட நிலத்துக்கு இந்த வலையை வாங்க நினைக்கும் வேறு யாரும் அவ்வளவு காலத்தை இழக்கக் கூடாது என்பதற்காகவே இதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் பொருளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் பயன்படுத்துவது செம்மறிகளுக்கென்றே செய்யப்பட்ட வலை. ஒரு சுருள் 50 மீட்டர் நீளமும் 90 சென்டிமீட்டர் உயரமும் கொண்டது. பிளாஸ்டிக் இழைகளுக்கு நடுவே நுண்ணிய எஃகுக் கம்பிகளை வைத்து முறுக்கிய கயிறுகள் படுக்கைவாட்டில் ஓடுகின்றன. நிலத்தை ஒட்டிய அடிக்கயிற்றில் மட்டும் மின்சாரம் பாயாது. ஊன்றுகோல்கள் வலையோடேயே பிணைந்திருப்பதால் ஒருவரே சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தபடி விரித்துவிடலாம். எனர்ஜைசர் இதற்குள் தொடர்ந்து மின்சாரத்தைச் செலுத்துவதில்லை. ஏறக்குறைய வினாடிக்கு ஒருமுறை, கண்ணிமைக்கும் நேரத்தைவிடவும் குறைவாக, ஒரு துடிப்பை மட்டும் அனுப்புகிறது. இத்தகைய கருவிகளுக்கான பன்னாட்டுத் தரநிலையான 60335-2-76, இரு துடிப்புகளுக்கு இடையே குறைந்தது 1 வினாடி இடைவெளி இருக்க வேண்டும் என்றும், 500 ஓம் தடையில் ஒரு துடிப்பின் ஆற்றல் 5 ஜூலைத் தாண்டக் கூடாது என்றும் வரையறுக்கிறது. என் கருவி 1 ஜூல் அளவுடையது. எட்டு வலைகளுக்கு அது போதுமானதாக இருக்கிறது. கருவியின் மேல் அந்தத் தரநிலை எண் பொறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குவது கட்டாயம். வீட்டு மின்சாரத்தை நேராக வேலியில் இணைப்பவர்களை இன்னும் காண்கிறோம். அது மனிதரையும் விலங்கையும் கொல்லும் குற்றம். அதையும் இந்தக் கருவியையும் ஒரே பெயரால் அழைப்பதைக்கூட நான் ஏற்க மாட்டேன்.

இந்த வலை எனக்கு எதற்காகத் தேவைப்பட்டது என்பதைச் சொல்லாமல் இதன் நிறைகுறைகளை எடைபோட முடியாது. ஆடுகளை ஓரிடத்தில் அடைத்து வைப்பதைவிட, மற்ற இடங்களை ஆடு படாமல் விட்டுவைப்பதே என் நோக்கம். செம்மறி தன் விருப்பப்படி மேயும்போது இனிப்பான புல்லைத் தேடிச் சென்று முதலில் அதையே கடிக்கிறது. அந்தப் புல் தூரிலிருந்து புதிய இலையை விட்டதும் மீண்டும் வந்து அதையே கடிக்கிறது. இலையை இழந்த புல், தூரிலும் வேரிலும் சேர்த்து வைத்த உணவைச் செலவழித்துத்தான் அடுத்த இலையை விடுகிறது. சேமிப்பு திரும்பி வருவதற்குள் இரண்டாவது, மூன்றாவது கடி விழுந்தால் வேர் சுருங்கி அந்தத் தூர் செத்துவிடுகிறது. பக்கத்தில் நிற்கும் கசப்பான புதர் மட்டும் தொடப்படாமல் பெருகுகிறது. 1950களில் பிரான்சின் மேய்ச்சல் ஆய்வாளர் ஆந்திரே வுவாசான் ஈரமான புல்வெளிகளை வைத்து விளக்கிய கருத்து இது: ஆடுமாடுகளின் எண்ணிக்கையைவிட, ஒரு செடி மறுபடி கடிபடுவதற்குள் அதற்குக் கிடைக்கும் ஓய்வுக்காலமே முக்கியம். தென்னாப்பிரிக்காவின் கரூ என்னும் வறண்ட நிலப்பரப்பை ஆண்டுக்கணக்கில் நடந்து ஆராய்ந்த தாவரவியலாளர் ஜான் அகாக்ஸ், அந்த நாட்டில் ஆடுமாடுகள் போதாத அளவில் இருந்தும் நிலம் அளவுமீறி மேயப்பட்டிருக்கிறது என்ற பொருள்பட வாதிட்டார். முதல் பார்வைக்கு இது புதிராகத் தோன்றும். ஆனால் நூறு ஆடுகள் ஆயிரம் எக்டேரில் ஆண்டு முழுவதும் சுற்றினால், நல்ல புல் எல்லாம் பலமுறை கடிபடுவதும் கெட்ட புதர் ஒருமுறைகூடக் கடிபடாமல் இருப்பதும் இயல்புதானே.

ஈர நிலத்தில் முப்பது நாற்பது நாள் ஓய்வு போதும். வறண்ட நிலத்தில் கடிபட்ட புல், அடுத்த மழை வரும்வரை அப்படியே நிற்கிறது. ஆறு மாதம் ஆனாலும் அது ஓர் இலைகூட விட்டிருக்காது. ஆகவே நான் ஓய்வை நாள் கணக்கில் வைத்துக்கொள்வதில்லை. எத்தனை நல்ல மழையை அந்தப் புல் ஆடு படாமல் பெற்றது என்று எழுதி வைக்கிறேன். மழை விழுந்து பத்து நாளில் பச்சை எழும்போது ஆடுகளை அதிலிருந்து தள்ளி வைப்பதுதான் இந்தத் தொழிலில் மிகக் கடினமான வேலை, ஏனெனில் ஆடு அப்போதுதான் அந்தப் பச்சைக்காக உயிரை விடும். அந்தப் பத்து முதல் நாற்பது நாள் வரையிலான காலத்துக்காகத்தான் நான் வலை வாங்கினேன்.

இனி அந்த மூத்த ஆட்டின் விஷயத்துக்கு வருகிறேன். வேலியின் துடிப்பு கயிற்றிலிருந்து ஆட்டின் மூக்கு வழியாக உடலுக்குள் புகுந்து, குளம்பு வழியாக மண்ணில் இறங்கி, மண்ணுக்குள்ளேயே பயணம் செய்து, எனர்ஜைசரோடு இணைத்து அடித்திருக்கும் எர்த் கம்பியை வந்தடைய வேண்டும். இந்தச் சுற்று முடிந்தால்தான் ஆட்டுக்கு அதிர்ச்சி. ஈரமண் மின்சாரத்தைக் கடத்தும்; காய்ந்த மண் ஏறக்குறைய கடத்தவே கடத்தாது. மீட்டர் காட்டிய 6 கிலோவோல்ட் பொய்யில்லை. கயிற்றில் அவ்வளவு அழுத்தம் இருந்தது உண்மை. அது ஆட்டின் வழியாகத் திரும்பி வர வழியில்லை என்பதை மட்டும் மீட்டர் சொல்லவில்லை.

எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. எனர்ஜைசரிலிருந்து தொலைவில் உள்ள வலைமுனையில் இரண்டு மூன்று இரும்புக் கம்பிகளைத் தரையில் ஊன்றிக் கயிற்றின் மேல் சாய்த்து, வேலியின் அழுத்தத்தை வேண்டுமென்றே 2 கிலோவோல்ட்டுக்குக் கீழே இறக்க வேண்டும். பிறகு எர்த் கம்பியின் தலையில் மீட்டரை வைத்து, அதோடு கம்பியால் இணைந்த குத்துமுனையை ஒரு மீட்டர் தூரம் தள்ளித் தரையில் குத்திப் பார்க்க வேண்டும். அங்கே 0.3 கிலோவோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் போதவில்லை என்று பொருள். என்னுடையது 1.7 காட்டியது. விற்றவரைக் கேட்டேன், எர்த் கம்பியின் அடியில் தண்ணீர் ஊற்றுங்கள் என்றார். ஊற்றினேன். பிறகு ஒரு மீட்டர் நீளக் கம்பிகள் மூன்றை, 3 மீட்டர் இடைவெளியில், வறண்ட ஓடையின் படுகையில் ஆழமாக அடித்தேன். அளவு 0.4 வரை இறங்கியது. ஆனாலும் ஆடுகள் வெளியேறிக்கொண்டேதான் இருந்தன.

நான் சரிசெய்தது சுற்றின் ஒரு முனையை மட்டுமே என்பது அப்போதுதான் உறைத்தது. எர்த் கம்பியைச் சுற்றி மண்ணை ஈரமாக்கலாம். வேலியோரம் நெடுக ஆடு எந்த இடத்தில் குளம்பை வைக்கும் என்று பார்த்து அங்கெல்லாம் தண்ணீர் ஊற்ற முடியாது. இதற்கு ஒரே விடை, படுக்கைக்கயிறுகளில் ஒன்று விட்டு ஒன்று மின்துடிப்பும், இடையில் உள்ளவை எர்த்தும் ஏற்கும்படி செய்யப்பட்ட வலை. அதில் தலையை நுழைக்கும் ஆடு ஒரே நேரத்தில் இருவகைக் கயிறுகளையும் தொட்டுவிடுவதால், மண் ஈரமா காய்ந்ததா என்ற கேள்வியே எழுவதில்லை. உற்பத்தி செய்பவர்கள் இதைத் தனி வகையாகவே விற்கிறார்கள். எனக்கு விற்றவர் இப்படி ஒன்று இருப்பதை ஒரு சொல்லால்கூடத் தெரிவிக்கவில்லை என்பதுதான் என் பெரிய மனக்குறை. அடுத்த ஆண்டு இந்த வகையில் நான்கு சுருள்கள் வாங்கி விரித்தபோது, அதே மூத்த ஆடு வந்து, மூக்கை வைத்து, துள்ளிப் பின்வாங்கி, மந்தையின் நடுவில் போய் நின்றுகொண்டது. அதன் பிறகு அது வலைக்கு ஒரு மீட்டர் தூரத்துக்குள் வந்து நான் பார்த்ததில்லை.

இந்த வகைக்கும் ஒரு பலவீனம் உண்டு. வலை தொய்ந்து இரண்டு கயிறுகள் ஒன்றையொன்று தொட்டால் மின்சாரம் அங்கேயே கசிந்துவிடும். அருகில் போனால் டக், டக் என்று சீரான ஒலி கேட்கும். ஆகவே மூலைகளில் இழுப்புக்கயிறு கட்டி விறைப்பாக நிறுத்த வேண்டும். பசுஞ்செடிகள் கயிறுகளின் மேல் சாய்வதும் இதே கேட்டைச் செய்யும் என்றாலும், வறண்ட நிலத்தில் அது அரிது. காற்றில் உருண்டு வந்து வலையில் சிக்கும் காய்ந்த முள்புதர்கள்தான் எங்களுக்குத் தொல்லை.

ஆடுகளைப் பழக்குவதற்கும் ஓரிரு நாள் ஒதுக்க வேண்டும். கம்பளி மின்சாரத்தைத் தடுக்கும் பொருள். உடலால் மோதும் ஆடு எதையும் உணராமல் வலையைச் சாய்த்துவிடும். முதல் அறிமுகம் மூக்கால்தான் நடக்க வேண்டும். நான் வலுவான பழைய பட்டிக்குள் ஓரமாக வலையைக் கட்டி, வலைக்கும் சுவருக்கும் இடையில் காய்ந்த தீவனத்தைப் போட்டு வைத்தேன். கம்பளி வெட்டிய வாரத்தில் இதைச் செய்வது மிக நல்லது.

இப்போது, விளம்பரங்களில் யாரும் போட்டுக்காட்டாத கணக்கு ஒன்றைப் போட்டுக்காட்ட வேண்டும். எட்டு வலைகளைச் சதுரமாக நிறுத்தினால் சுற்றளவு 400 மீட்டர், உள்ளே கிடைப்பது சரியாக 1 எக்டேர். நான்கு வலைகளுக்குக் கால் எக்டேர்தான் கிடைக்கும். வலையை இரட்டிப்பாக்கினால் பரப்பு நான்கு மடங்காகும் என்பதால், வாங்குபவர்கள் இதை முன்பே கணித்துக்கொள்வது நல்லது. என் நிலத்தில் ஓரளவு நல்ல மழைக்குப் பின் ஓர் எக்டேரில் காய்ந்த எடையில் ஏறக்குறைய 300 கிலோ தீவனம் நிற்கிறது. அதில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் ஆட்டுக்குக் கொடுத்து, மீதியைச் செடிக்கும் மண்ணுக்கும் விடுகிறேன். அப்படியானால் 100 கிலோ. ஒரு பெட்டை ஆடு நாளொன்றுக்கு 1.3 கிலோ தின்றால் என் அறுபது ஆடுகளுக்கு 78 கிலோ வேண்டும். ஆக, ஓர் எக்டேர் அடைப்பு ஒரு நாளைக்குச் சற்றே கூடுதலாகத்தான் தாங்கும். ஒவ்வோர் அடைப்புக்கும் ஓராண்டு ஓய்வு தர வேண்டுமென்றால் இப்படி 285 அடைப்புகள் வேண்டும். தினமும் நானூறு மீட்டர் வலையைப் பிடுங்கி நட வேண்டும். ஈரமான நாட்டில் எடுத்த காணொளிகளில் ஒருவர் சிரித்தபடி காலை உணவுக்கு முன் இதைச் செய்து முடிக்கிறார். பாறைபோல் இறுகிய மண்ணில் ஊன்றுகோலின் முனை இறங்காது. மேலிருந்து மிதித்தால் முனை வளைந்துவிடும். பேட்டரியில் ஓடும் துளைக்கருவியால் முதலில் துளையிட்டு, பிறகு ஒவ்வொரு கோலாக நட வேண்டும். எனக்கு ஒரு சுருளுக்கு அரைமணி நேரம் ஆகிறது.

ஆகவே வறண்ட நிலத்தில் முழு மேய்ச்சலையும் வலையால் நடத்த முடியாது என்பது என் தெளிவான கருத்து. பகலில் மேய்ப்பவர் ஒருவர் ஆடுகளோடு நடந்து, நேற்று மேய்ந்த பக்கம் இன்று போகாதபடி திருப்பி ஓட்டுவதே அந்த வேலையைச் செய்யும் வழி. மேய்ப்பவர் செய்ய முடியாத இரண்டு வேலைகளுக்கு வலை ஈடற்றது: மழைக்குப் பிறகு காக்க வேண்டிய சிறு துண்டுகளை மூடி வைப்பது, இரவுக் கிடையை இடம் மாற்றிக்கொண்டே போவது.

இரவுக் கிடையைப் பற்றி நான் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் இந்த வலை எனக்குக் காட்டிய மிகப் பெரிய பலன் அங்கேதான். இரண்டு வலைகளை நிறுத்தினால் 625 சதுர மீட்டர். அறுபது ஆடுகளுக்குத் தாராளம். நிலையான பட்டியில் ஆண்டுக்கணக்கில் புழுக்கை குவிந்து ஓரிடம் எருக்குழியாகிறது, சுற்றுப்புறம் எதுவும் பெறுவதில்லை. நான் கிடையை இரண்டு இரவுக்கு ஒருமுறை, புல்லே முளைக்காத வழுக்கைத் திட்டுகளின் மேல் நகர்த்தினேன். மூடாக்கு இல்லாத மண்ணில் மழைத்துளி நேராக அடிக்கும்போது நுண்மண் கலைந்து துளைகளை அடைத்து, காய்ந்ததும் ஓடுபோல் இறுகிவிடுகிறது. அடுத்த மழை அதன் மேல் வழிந்து ஓடிவிடுகிறது. ஆடுகளை விடுவதற்கு முன் அந்தத் திட்டின் மேல் காய்ந்த புதர்க்கிளைகளையும் பழைய வைக்கோலையும் பரப்பினேன். இரண்டு இரவுகளில் ஓடு நொறுங்கி, வைக்கோலும் புழுக்கையும் மூத்திரமும் மண்ணோடு மிதிபட்டிருந்தன. மழை வந்து ஒன்பதாம் நாள் முழங்காலிட்டுப் பார்த்தேன். ஆட்டின் குளம்பு பதிந்த இரட்டைப் பிளவுக் குழி ஒவ்வொன்றும் ஒரு சிறு கிண்ணம்போல் இருந்தது. அதன் அடியில் உடைந்த புழுக்கை, வைக்கோல் துணுக்கு, காற்று கொண்டுவந்து சேர்த்த விதை, இவற்றின் நடுவே நகக்கண் அளவு பச்சை. குழிக்கு வெளியே இரண்டு விரல் தூரத்தில் மண் பழையபடியே வெறுமையாக இருந்தது. அந்தத் துண்டைச் சுற்றி உடனே வலையை நிறுத்தி நாற்பது நாள் மூடினேன். ஆடு ஒரே ஒரு பகல் உள்ளே புகுந்திருந்தாலும் அவற்றில் ஒன்றுகூட மிஞ்சியிருக்காது.

ஆனால் எல்லா ஓடும் ஒன்றல்ல. குளம்பு மிதிபட்டால் பாலைவனம் பச்சையாகும் என்று ஜிம்பாப்வேயின் சூழலியலாளர் ஆலன் சேவரி உலகெங்கும் பரப்பிய கருத்தை அப்படியே எடுத்துக்கொள்பவர்கள் இந்த இடத்தில் தவறு செய்கிறார்கள். அமெரிக்காவின் கொலராடோ பீடபூமியில் ஜெய்ன் பெல்னாப் போன்ற அறிவியலர்கள் ஆராய்ந்த உயிருள்ள மண்பொருக்கு வேறு வகை. நீலப்பச்சை நுண்ணுயிர்களும் லைக்கன்களும் பாசிகளும் சேர்ந்து மணலைப் பிணைத்து, காற்றிலிருந்து நைட்ரசனை மண்ணில் சேர்க்கின்றன. அது ஒருமுறை மிதிபட்டு நொறுங்கினால் திரும்பி வரப் பல ஆண்டுகள், சில இடங்களில் பல பத்தாண்டுகள் ஆகும். இரண்டையும் வேறுபடுத்துவது கடினமில்லை. ஒரு சிறு துண்டை மெதுவாகப் பெயர்த்துத் தூக்கிப் பார்த்தால், உயிருள்ள பொருக்கின் அடியில் சிலந்தி நூல்போல மெல்லிய இழைகளில் மணல்துகள்கள் தொங்கும். கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் கருத்த மேற்பரப்பு சில நிமிடங்களில் பச்சை காட்டும். அப்படிப்பட்ட இடத்தில் கிடை போடவே கூடாது; மாறாக அதைச் சுற்றி வலை கட்டி ஆடுகளைத் தடுக்க வேண்டும்.

தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி வெறுமையாகும் நிலத்துக்கு ஓய்வு தரவும் வலை எனக்கு உதவியது. ஆஸ்திரேலிய ஆய்வாளர் ராபர்ட் லாங் 1969-இல் விவரித்ததுபோல, வறண்ட மேய்ச்சல் நிலத்தில் செம்மறித் தடங்கள் நீர்நிலையிலிருந்து சக்கரத்தின் ஆரங்கள்போல் விரிகின்றன; நீருக்கு அருகில் புழுக்கையும் வெறுமையும் மிகுதி, தள்ளிப்போகப் போகக் குறைவு. வலையால் அடைப்பை வேறிடத்துக்கு மாற்றும்போது தண்ணீரையும் கூடவே கொண்டுபோக வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது. கோடையில் என் மந்தைக்கு நாளொன்றுக்கு 360 லிட்டர் வரை சுமந்திருக்கிறேன். வலையை நடுவதைவிட இது பெரிய உழைப்பு.

என் கவனக்குறைவால் நேர்ந்த ஓர் இழப்பையும் சொல்ல வேண்டும். புழுதிக்காற்று வீசிய நாட்களில் மின்தகட்டைத் துடைக்கத் தவறிவிட்டேன். பேட்டரி இறங்கி, வலையில் துடிப்பு நின்றுவிட்டது. மறுநாள் காலை ஆறு வாரக் குட்டி ஒன்று கழுத்தில் கயிறு சுற்றி இறந்து கிடந்தது. துடிப்புள்ள வலையை ஆடு மதித்து விலகும், துடிப்பற்ற வலை வெறும் கண்ணி. அன்றிலிருந்து தினமும் விடியலில் மீட்டரோடு வலையோரம் முழுவதும் நடக்கிறேன். மின்சாரம் இல்லாத வலையை ஓர் இரவுகூட நிலத்தில் விட்டுவைப்பதில்லை. கொம்புள்ள கிடாய்களை இந்த வலைக்குள் விடுவதையும் நிறுத்திவிட்டேன். காட்டு விலங்குகளுக்கும் இதில் ஆபத்து உண்டு. தென்னாப்பிரிக்காவில் தாழ்வான மின்கம்பிகளில் ஆமைகளும் அழுங்கு என்னும் எறும்புதின்னிகளும் மடிவது நன்கு அறியப்பட்ட செய்தி: ஆமை அதிர்ச்சியில் ஓடிப்போகாமல் ஓட்டுக்குள் ஒடுங்கி அங்கேயே கிடக்கிறது, எறும்புதின்னி கம்பியைச் சுற்றியே சுருண்டுகொள்கிறது. விடியல் நடை இதற்காகவும் தேவை.

உழைப்புக்கேற்ற எடை ஆட்டில் கூடியதா என்று கேட்பார்கள். கூடவில்லை. 2008-இல் டேவிட் பிரிஸ்க் தலைமையிலான அமெரிக்க மேய்ச்சல் நில அறிவியலர்கள் பல பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, சுழற்சி மேய்ச்சல் தொடர் மேய்ச்சலைவிட அதிக விளைச்சல் தருவதாகச் சான்றுகள் காட்டவில்லை என்று எழுதியது என் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது. என் நிலத்தில் மாறியது, கிடை போட்ட பதினொரு வழுக்கைத் திட்டுகளில் ஏழு இப்போது புல் மூடி நிற்பதும், இரவில் நாய்கள் மந்தையை நெருங்காததும். நான் பணம் கொடுத்தது இவற்றுக்காகவே என்பதால் எனக்கு இது போதும்.

நீடித்து உழைக்கும் தன்மையைப் பொறுத்தவரை, மூன்று கோடை வெயிலில் முதல் சுருள்களின் இழைகள் வெளிறி, ஊன்றுகோலைத் தொடும் இடங்களில் நுண்கம்பி அறுந்து வருகிறது. முடிச்சுப் போட்டு ஒட்டவைத்துக்கொள்கிறேன். பேட்டரியை வெப்பம் விரைவில் கெடுத்துவிடுவதால், பெட்டியை மின்தகட்டின் நிழலிலேயே வைப்பது நல்லது.

முந்நூறு நானூறு ஆடுகளைப் பரந்த வறண்ட நிலத்தில் வைத்திருப்பவர் இதை மட்டும் நம்பி மேய்ப்பவரை நிறுத்திவிட வேண்டாம். நூறுக்கும் குறைவான ஆடுகளும், மீட்டெடுக்க வேண்டிய சில துண்டுகளும், தினமும் விடியலில் நடக்கக் கால்களும் உள்ளவர் தயங்காமல் வாங்கலாம். ஒன்று விட்டு ஒன்று எர்த் ஏற்கும் வகையைத்தான் வாங்க வேண்டும், கூடவே மீட்டரும். என் எட்டுச் சுருள்களில் சாதாரண வகை இன்னும் நான்கு இருக்கின்றன. அவற்றை மழை பெய்து மண் ஈரமாக இருக்கும் வாரங்களில் மட்டும் நடுகிறேன், மற்ற நாட்களில் அவை கொட்டகையில் சுருட்டிக் கிடக்கின்றன.